அபூர்வம் என்று எப்போது சொல்லலாம்? இயற்கைக் குறிப்பு எழுதத் தொடங்குவோருக்கு

ஐப்பசி பிறந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு பறவை சோர்ந்து கிடக்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வால் இருப்பதே தெரியாது. ‘இதுவரை யாரும் பார்த்திராத அபூர்வப் பறவை’ என்று படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். கோடையிலும் மழைக்காலத்திலும் வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. இரவில் பறப்பதால், களைத்தபின் விடியும் நேரத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிடும். சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ மோதி விழுவதும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, தெளிந்ததும் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டால் பறந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதே பறவை இதே முற்றத்தில் ஜூன் மாதம் கிடந்தால் கதை வேறு. அப்போது அது உண்மையிலேயே வழக்கத்துக்கு மாறானது. ஒரு காட்சி அபூர்வமா இல்லையா என்பது அந்த உயிரின் அழகிலோ நிறத்திலோ இல்லை. எந்த இடம், எந்த மாதம், என்ன செய்தது என்பதில்தான் இருக்கிறது. அந்த மூன்றையும் பின்னால் வேறொருவர் சரிபார்க்கும்படி எழுதிவைப்பதைத்தான் இயற்கைக் குறிப்பு என்கிறோம். இதற்குப் பட்டம் வேண்டாம், விலை உயர்ந்த கேமராவும் வேண்டாம். வழக்கம் எது என்று தெரிந்திருந்தால் போதும். புதிதாகத் தொடங்குகிற பலர் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

வழக்கத்தைக் கற்பது

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சின்ன மாவட்டம். காலையில் புத்தளம் உப்பளத்தில் கரைப்பறவைகளான உள்ளான்களைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் பேச்சிப்பாறைப் பக்கம் காட்டோரத்தில் நிற்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். மேற்கே குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டங்களும் ஈரமும். கிழக்கே ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்றும் வறண்ட நிலமும். அதனால் மார்த்தாண்டத்தில் வழக்கமானது தோவாளையில் அபூர்வமாக இருக்கலாம்.

இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே தொடங்குகிறவருக்குத் தொல்லையும்கூட. வாரம் ஓரிடம் என்று ஓடினால் எந்த இடத்தின் வழக்கமும் பிடிபடாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளம், ஒரு விளை (தோப்பு), அல்லது ஒரு வயற்பத்து என ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், அரை மணி நேரம் நின்று பார்த்து எழுதுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்பருவமும் முடிந்து ஒரு சுற்று வரும்போது அந்த இடத்தின் நாட்காட்டி கையில் இருக்கும். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதுதான். அதற்காக எல்லோரும் தேரூருக்கே போக வேண்டியதில்லை. ஊருக்குள் தாமரை வளர்க்கும் ஒரு சாதாரணக் குளம்கூட ஓர் ஆண்டுக்குப் போதுமான பாடம் தரும்.

வழக்கம் தெரியாதவரை ஒரே பறவை பல பறவைகளாகத் தெரியும். மடையான் வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்நிறக் கோடுகளோடு இருக்கும். எழுந்து பறந்தால் வெள்ளை இறக்கை. ‘இங்கே ஒன்று இருந்தது, வேறொன்று பறந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. இனப்பெருக்க காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், அப்போது மூன்றாவது பறவை என்பார்கள். உண்ணிக்கொக்குக்கும் அப்படித்தான், வெள்ளையாக இருந்த தலையும் கழுத்தும் அந்தக் காலத்தில் ஆரஞ்சாக மாறும்.

மணக்குடிப் பொழிமுகத்திலும் உப்பளங்களிலும் ஏப்ரலில் இன்னும் குழப்பம். குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் இருந்த உள்ளான்கள் வடக்கே திரும்பும் முன் நிறம் மாறத் தொடங்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகும். பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் வயிறு கறுக்கும். அவற்றில் சில, பெரும்பாலும் முதல் ஆண்டுப் பறவைகள், அந்த ஆண்டு ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் ஜூனில் ஓர் உள்ளானைப் பார்த்தால் ‘காலம் தவறி வந்த பறவை’ என்று தலைப்புப் போட வேண்டாம். ஆனால் எண்ணிக்கையையும் இறகு நிறத்தையும் கட்டாயம் எழுதுங்கள். குளிர்கால வருகையைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. தங்கிவிட்டவற்றைப் பற்றி எழுதுவோர் குறைவு.

கண்டது ஒன்று, நினைத்தது ஒன்று

இந்தக் கலையின் கடினமான பகுதி இதுதான். நடத்தையைக் குறிக்கும்போது கண் பார்த்ததோடு மனம் சேர்த்ததும் கலந்துவிடும்.

ஊரில் எல்லோரும் சொல்லும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயலோரத்தில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு, உடலின் முன்பாதியை நிமிர்த்தி நிற்கின்றன. ‘சாரையும் நல்ல பாம்பும் இணைசேருது’ என்பார்கள். ஒருவர் துணி கொண்டுவந்து மேலே போடப் பார்ப்பார். சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் முற்றிலும் வேறான இனங்கள், ஒன்றோடொன்று இணைவதில்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. ஒன்றன் தலையை மற்றது கீழே அமுக்கப் பார்க்கும். கடிக்காது. தோற்றது விலகி ஓடும். உண்மையான இணைசேர்க்கையில் உடல்கள் பெரும்பாலும் தரையோடு கிடக்கும், வால்பகுதி பின்னியிருக்கும், இத்தனை நிமிர்தல் இருக்காது.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் ‘இரண்டு ஆண் சாரைகள் சண்டையிட்டன’ என்று எழுதிவிடுவார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆணா பெண்ணா என்று பத்தடி தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சண்டை என்பதும் நாம் வைத்த பெயர். கண்டதை மட்டும் எழுதினால் இப்படி வரும்: ‘இரண்டு சாரைகள், ஏறத்தாழ ஒரே நீளம். முன்பாதியை நிமிர்த்திப் பின்னிக்கொண்டிருந்தன. மாறி மாறி ஒன்றன் தலையை மற்றது அமுக்கியது. கடிக்கவில்லை. இரண்டும் படமெடுக்கவில்லை. ஒன்று கிழக்கே வாய்க்காலுக்குள் போனது, மற்றது அங்கேயே நின்றது.’ இதற்குக் கீழே தனி வரியில் ‘ஊகம்: ஆண்களுக்கிடையிலான போட்டி’ என்று சேர்க்கலாம். ‘படமெடுக்கவில்லை’, ‘கடிக்கவில்லை’ என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். நடக்காததை எழுதுவதும் குறிப்பில் சேர்த்தி. பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு, நீங்கள் அதைத் தேடிப் பார்த்தீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்பது உங்களுக்கும் நல்லது, குறிப்புக்கும் நல்லது. கூட்டம் நெருங்கினால் பாம்புகள் பிரிந்துவிடும், முடிவு தெரியாமல் போகும்.

இன்னொன்று, வீட்டு வாசலில் நடப்பது. நிறுத்திவைத்த பைக்கின் பக்கக் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு கொத்திக்கொண்டே இருக்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, வெண்புருவ வாலாட்டி, கொண்டைக்குருவி எல்லாம் இதைச் செய்யும். ‘தன் அழகை ரசிக்கிறது’ என்பது பேஸ்புக் விளக்கம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விரட்டப் பார்க்கிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். இதை நீங்களே சோதிக்கலாம். முதலில் பதினைந்து நிமிடத்தில் எத்தனை முறை கொத்துகிறது, ஆணா பெண்ணா, பாடுகிறதா, இறக்கையைத் தாழ்த்துகிறதா என்று எழுதுங்கள். பிறகு கண்ணாடியைத் துணியால் மூடி அதே பதினைந்து நிமிடம். கொத்துவது நின்று பறவை போய்விட்டால், பிம்பம்தான் காரணம் என்ற ஊகத்துக்கு வலு சேர்ந்தது. வேறு பைக்கின் கண்ணாடிக்குப் போனால் இன்னும் வலு. சோதனை முடிந்தபின்னும் துணியை எடுக்காதீர்கள், அந்தப் பறவை நாள்முழுக்க வீணாக அலைவது மிச்சமாகும்.

தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் ஒரு குஞ்சு மட்டும் வளர்ப்புப் பெற்றோரைவிடப் பெரிதாக, ஓயாமல் கத்திக்கொண்டு பின்னால் வருவதைப் பார்க்கலாம். அது குயிலினத்தின் குஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் குயில் என்பதுதான் கேள்வி. இறக்கையில் வெள்ளைத் திட்டும் தலையில் சிறு கொண்டையும் இருந்தால் சுடலைக்குயில். மார்பில் கீற்றுகளும் வாலில் பட்டைகளும் இருந்தால் அக்காக்குயில். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, ‘ஊட்டியது’ என்று எழுதிவிடுவது. இரை அலகிலிருந்து குஞ்சின் வாய்க்குள் போனதைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் ‘பக்கத்தில் இருந்தது, வாயைத் திறந்து கத்தியது’ என்பதோடு நிறுத்துங்கள்.

முசுறுக் கூட்டத்தில் ஒரு போலி

பறவை பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் மாமரத்துக்குப் போகலாம். குமரியின் விளைகளில் மா, பலா, கொல்லமா எதிலும் முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும். கூட்டிலிருந்து சற்றுத் தள்ளி, இலைகளின் மேல் தனியாகத் திரியும் எறும்புகளைப் பாருங்கள். அவற்றில் சில எறும்பே அல்ல, முசுறைப் போலவே உருவம் கொண்ட குதிக்கும் சிலந்திகள். நிறம், நடை, ஒடுங்கிய இடுப்பு எல்லாம் அசல்.

பிடிக்க மூன்று அடையாளங்கள். கால்களை எண்ணுங்கள்: எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. ஆனால் சிலந்தி முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்பு போல ஆட்டும் என்பதால் அவசரமாக எண்ணினால் ஆறுதான் வரும். முகத்தைப் பாருங்கள்: முன்னால் பெரிய கண்கள் இருந்தால் குதிக்கும் சிலந்தி. பிறகு இலையை விரலால் மெல்லத் தட்டுங்கள். முசுறு வாயைத் திறந்துகொண்டு விரலை நோக்கி வரும். சிலந்தி ஒரு நூலை விட்டுக் கீழே தொங்கும். ஆண் சிலந்தியின் முன்தாடைகள் நீண்டு தடித்திருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் தெரியும். ‘எறும்பு தன் இனத்தைத் தின்கிறது’ என்று வரும் படங்களில் சில இதுதான்.

அதே மரத்தில் முசுறுபோல் தோன்றும் வேறொரு சிலந்தியும் உண்டு. அது நண்டுச்சிலந்திக் குடும்பம். வயிற்றுப்பகுதியின் நுனியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கும், எறும்பின் கண்கள் போல. அதாவது பின்பக்கம்தான் அதற்கு ‘தலை’. முதலாவது முசுறை அண்டிப் பாதுகாப்புத் தேடுவது, இரண்டாவது முசுறையே பிடித்துத் தின்பது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர் ‘எறும்பைப்போல் வேடமிட்ட சிலந்தி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பாதிக் காட்சி போய்விடும். படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று. அருகில் அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ இருந்தால் நீளம் கிடைத்துவிடும். சட்டைக் கையை மடக்கிவிட்டுப் போகாதீர்கள், முசுறு கடித்தால் தெரியும்.

குறிப்பில் இருக்க வேண்டியவை

சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பேனா மை மழையில் கரையும், பென்சில் கரையாது. பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று எழுதியிருப்பது தொடக்கத்துக்குப் பொருத்தம். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று விற்பவை கைநடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். முப்பந்தல் காற்றில் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்க முடியாது.

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, எண்ணிக்கை. எண்ணிக்கையை ‘நிறைய’ என்று எழுதாதீர்கள். பெரிய கூட்டமென்றால் பத்து பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணி, ‘சுமார் 140’ என்று எழுதலாம். அளவைச் சொல்லத் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: சிட்டுக்குருவியைவிடச் சிறிது, மைனா அளவு, காக்கையைவிடப் பெரிது. அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தபின் எழுதினால், புத்தகத்தில் உள்ள நிறம் உங்கள் நினைவுக்குள் புகுந்துவிடும்.

இடம் எழுதுவதில்தான் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு கோளாறு. ‘கன்னியாகுமரி’ என்று மட்டும் எழுதினால் முக்கடல் கூடும் ஊரா, முழு மாவட்டமா என்று தெரியாது. குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் கண்ட இருவாச்சி, பதிவில் கடற்கரைப் பாறைமேல் உட்கார்ந்துவிடும். ‘பெரியகுளம்’ என்றும் எழுதிவிடாதீர்கள், ஊருக்கு ஒன்று இருக்கிறது. குளம், ஊர், வட்டம் மூன்றையும் எழுதி, கைபேசி வரைபடத்திலிருந்து அட்ச, தீர்க்க எண்களையும் குறியுங்கள். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் போதும், பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடம் நிற்கும். நம் மாவட்டத்துக்குள் என்றால் அட்சம் 8 என்றும் தீர்க்கம் 77 என்றும்தான் தொடங்கும். வேறு எண் வந்தால் எங்கோ தவறு.

பழைய பதிவுகளைத் தேடுவோருக்கும் இடப்பெயர் ஒரு பொறி. பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ‘தமிழ்நாடு’ என்று தேடினால் அதற்கு முந்தைய பதிவுகள் அகப்படாது. திருவிதாங்கூர், கேப் கொமரின், ஆரம்போலி என்று தேட வேண்டும். கடைசியாகச் சொன்னது ஆரல்வாய்மொழியின் பழைய ஆங்கில வடிவம்.

கடந்துபோகும் கூட்டங்களுக்கு எண்ணும் முறை வேறு. அக்டோபர், நவம்பரில் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைக் கடற்கரையிலும் மைதானங்களிலும் காணலாம். குளோப் ஸ்கிம்மர் எனப்படும் இந்த இனம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவரை போவதாக உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். அவருடைய ஆதாரத்தின் அடிப்படை, மாலத்தீவில் ஆண்டுதோறும் அவை வந்துசேரும் தேதிகளைக் குறித்து வைத்ததுதான். நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு. ஐந்து நிமிடத்தில் அதைக் கடந்தவை எத்தனை, எந்தத் திசைக்கு. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி இரை பிடித்தால் அது இடப்பெயர்ச்சி அல்ல, அப்படியே எழுதுங்கள்.

வெள்ளைக் காக்கை போன்ற நிறக்கோளாறுகளுக்கு அதிகம் தேவையில்லை. கண்ணைப் பாருங்கள். கண் இளஞ்சிவப்பாக இருந்தால் அல்பினோ. கண் வழக்கமான நிறத்தில், இறகு மட்டும் வெள்ளை என்றால் பெரும்பாலும் லூசிசம். இறக்கையில் பட்டையாக மட்டும் வெளுப்பு என்றால் உணவுக் குறைவும் காரணமாகலாம்.

படமும் பதிவேற்றமும்

முதலில் தூரத்திலிருந்தே ஒரு மோசமான படம் எடுத்துவிடுங்கள். நல்ல படத்துக்காக நெருங்கும்போதுதான் பறவை போகும். பிறகு அலகு, கால், இறக்கை, வால் தெரியும்படி முயலலாம். கைபேசியிலோ கேமராவிலோ தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் பாருங்கள். பேட்டரி மாற்றியபின் பல கேமராக்கள் பழைய தேதிக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் இடமும் நேரமும் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் இருக்கும். வீட்டிலிருந்து பதிவேற்றும்போது சில செயலிகள் உங்கள் வீட்டையே இடமாக எடுத்துக்கொள்ளும். முசுறுச் சிலந்திக்கு அது பரவாயில்லை, கடற்பறவையான ஆலாவுக்கு ஆகாது.

பதிவேற்ற இரண்டு இணையத் தளங்கள்: பறவைகளுக்கு இ-பேர்டு, எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இ-பேர்டில் பார்த்த எல்லா இனங்களையும் சேர்த்த முழுப்பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம், காக்கை மைனாவை விட்டுவிட்டு அபூர்வத்தை மட்டும் இடுவதில் பயன் குறைவு. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்க நல்ல தருணம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் போதும். ஐநேச்சுரலிஸ்டில் தேதி, இடம், படம் அல்லது ஒலி இருந்து, இனத்தை அடையாளம் காண்போரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். பெயர் தெரியாவிட்டால் ‘சிலந்தி’ என்று மட்டும் போட்டுவிடலாம், அது தவறல்ல. தவறான இனப்பெயரைத் துணிந்து போடுவதுதான் பிறருக்கு வேலை வைக்கும்.

வழக்கத்துக்கு மாறான பதிவை இட்டால் சரிபார்ப்பவர் விவரம் கேட்பார். கோபப்பட ஒன்றுமில்லை. ‘எப்படி வேறு இனம் இல்லை என்று முடிவு செய்தீர்கள்?’ என்பது அவருடைய ஒரே கேள்வி, நோட்டில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள். நோட்டில் பதில் இல்லையென்றால் பதிவைத் திரும்பப் பெறுவதே நேர்மை.

சில இடங்களைப் பொதுவில் போடக் கூடாது: ஆந்தைக் கூடு, தேவாங்கு இருக்கும் மரம், எறும்புத்தின்னி வளை, கடலாமை முட்டையிட்ட மணல். ராஜாக்கமங்கலம் பக்கக் கடற்கரையில் பங்குனி ஆமையின் தடத்தைக் கண்டால், இடது வலது துடுப்புத் தடங்கள் மாறி மாறி விழுந்திருக்கும், அதைப் படமெடுத்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள். மணலைத் தோண்டிப் பார்க்காதீர்கள், தடத்தின்மேல் நடக்காதீர்கள். சரணாலயக் காட்டுக்குள் போக முன்அனுமதி வேண்டும். ஐநேச்சுரலிஸ்டில் அருகிவரும் பல இனங்களுக்கு இடம் தானாகவே மங்கலாக்கப்படும். மற்றவற்றுக்குப் பதிவேற்றும்போதே இட அமைப்பில் மறைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். துல்லியமான எண்கள் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.